வண்டி தூங்கியாச்சு... விசிறி தூங்கலையே!

குழந்தைகளே, கத்திரி வெயிலில் எங்கள் ராஜபாளையம் எப்படி இருக்கும் தெரியுமா? மேற்கே பார்த்தால் மலைத்தொடர் நீலமாக, குளுகுளுவென்று தெரியும். காலைக் கீழே வைத்தாலோ தார் ரோடு தோசைக்கல்லாகச் சுடும். அப்படி ஒரு மே மாதத்து நாளில்தான் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது.

மதுரையில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்குக் காரில் வந்திருந்தான். பேரன் ஐந்தாம் வகுப்பு. எல்லோருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குக் கிளம்பினோம். சுமார் 11 கிலோமீட்டர்தான் தூரம். ஆனாலும் பேருந்து, லாரி, ஆட்டோ, நடுவில் ஒரு கல்யாண ஊர்வலம் என்று நின்று நின்றுதான் போக முடிந்தது. ஏ.சி. வேறு ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு நிலை ராஜகோபுரம் கண்ணில் பட்டபோது, "அப்பாடா" என்று காரும் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், வேப்ப மர நிழலில் மகன் காரை நிறுத்தினான். சாவியை எடுத்துக்கொண்டு மாலை வாங்கப் போய்விட்டான். என்ஜின் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் காரின் முன்பக்கத்திலிருந்து மட்டும் 'ஊ...ங்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

தெருவோரம் பூக்கட்டிக் கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, வண்டிய ஆஃப் பண்ணாமப் போறாரே உங்க மகன்" என்றார்.

பேரனுக்கு அது போதாதா? "தாத்தா, அப்பா மறந்துட்டாரு. நான் நிப்பாட்டுறேன்" என்று முன்னால் ஓடினான். கையில் குச்சி ஐஸ் தின்ற குச்சி. காரின் முன்பக்கக் கம்பி வலை வழியாகக் குனிந்து பார்த்தவன், அந்தக் குச்சியை உள்ளே விடப் போனான்!

"டேய்!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது. வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அல்லவா! குச்சி கீழே விழுந்தது. பையன் முகம் வாடிவிட்டது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறி நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் தடவை சுற்றக்கூடியது. குச்சி உடைந்து கண்ணில் தெறித்திருந்தால்? விரல் போயிருந்தால்? எனக்கு வியர்த்துவிட்டது.

அவனை அருகில் அழைத்துத் தோளில் கை போட்டேன். சற்று நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான். "சாவியத்தான் அப்பா எடுத்துட்டுப் போயிட்டாரே தாத்தா. அப்புறம் அத யாரு சுத்துறா?"

நல்ல கேள்வி. பாதி விடை எனக்குத் தெரியும். மீதியை ஊருக்குத் திரும்பியதும் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாத்தியார் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்!

பால்கோவா சொன்ன பதில்

தரிசனம் முடிந்து பால்கோவா வாங்கப் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டு பால்கோவா வாங்காமல் திரும்ப முடியுமா? 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாயிற்றே! கடைக்குப் பின்னால்தான் அடுப்படி. அகலமான இரும்புச் சட்டியில் பால் சுண்டிச் சுண்டிக் கெட்டியாகிக் கொண்டிருந்தது. பதம் வந்ததும் அங்கிருந்தவர் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிட்டார். ஆனால் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கிண்டிக்கொண்டே இருந்தார்.

"தீயத்தான் எடுத்தாச்சே, ஏன் கிண்டுறீங்க?" என்று பேரன் கேட்டான்.

"தீ போயிட்டா சூடும் போயிருமா தம்பி? சட்டி குடிச்ச சூடு அப்படியேதான இருக்கு! கிண்டாம விட்டா அடிப்பிடிச்சிரும்ல" என்றார் அவர்.

கார் விசிறியின் ரகசியம் முக்கால்வாசி இதில் அடங்கிவிட்டது. தீ வேறு, சூடு வேறு. தீயை நொடியில் அணைத்துவிடலாம். இரும்பு வாங்கி வைத்திருக்கும் சூட்டை அப்படி அணைக்க முடியாது. அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும்.

என்ஜினுக்குள் ஓர் அடுப்பு

கார் என்ஜினும் ஓர் அடுப்புதான். பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே எரிகின்றன. எரியும் அந்தக் கணத்தில் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியசையும் தாண்டும். இரும்பே ஏறத்தாழ 1500 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் என்ஜின் ஏன் உருகவில்லை? ஒவ்வொரு எரிப்பும் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே நீடிக்கிறது. அதோடு, உலோகத்தைச் சுற்றி நீர் ஓடி, சூட்டை உடனுக்குடன் வாங்கிக்கொண்டு போகிறது.

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதியைச் சுமப்பது இந்த நீர்தான். நாம் காசு கொடுத்து வாங்கும் பெட்ரோலில் பெரும்பாகம் ஊரைச் சூடாக்கத்தான் போகிறது!

வெறும் தண்ணீரை இப்போது ஊற்றுவதில்லை. அதில் 'கூலன்ட்' என்ற திரவம் கலந்திருக்கும். பச்சை, சிவப்பு, நீலம் எனப் பல நிறங்களில் வரும். அது துருப்பிடிக்க விடாது, சீக்கிரம் கொதிக்கவும் விடாது. என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பம்பு இந்த நீரை என்ஜினுக்குள் தள்ளும். சூடான நீர், முன்பக்கம் இருக்கும் 'ரேடியேட்டர்' என்ற பகுதிக்கு வரும். அது மெல்லிய குழாய்களும் தகடுகளும் அடுக்கிய சல்லடை போல இருக்கும். கார் ஓடும்போது எதிர்க்காற்று அதன் வழியே புகுந்து நீரை ஆற்றும். ஆறிய நீர் மறுபடி என்ஜினுக்குள் போகும். இந்தச் சுற்று ஓயாமல் நடக்கும்.

நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே பெரும்பாலும் போதும். ஆனால் கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் ஊர்ந்து போனால் காற்றுக்கு எங்கே போவது? அப்போதுதான் விசிறி தேவைப்படுகிறது.

அம்பாசிடர் விசிறியும் மாருதி விசிறியும்

உங்கள் தாத்தா காலத்து அம்பாசிடர் காரை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 2014-ல் அதன் உற்பத்தி நின்றுபோனது. அதில் விசிறியை என்ஜினே ஒரு பெல்ட் வழியாகச் சுற்றும். என்ஜின் நின்றால் விசிறியும் நின்றுவிடும். அதனால்தான் பழைய ஓட்டுநர்கள் மலை ஏறி வந்ததும் காரை உடனே அணைக்க மாட்டார்கள். சற்று நேரம் சும்மா ஓட விடுவார்கள். அணைத்த பிறகும் முன் மூடியைத் திறந்து வைப்பார்கள். பாடம் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது.

1983-ல் வந்த மாருதி 800 போன்ற சின்னக் கார்களில் என்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்தார்கள். அப்போது என்ஜினின் முனை முன்பக்கம் பார்க்காமல் பக்கவாட்டைப் பார்க்கும். ஆகவே பெல்ட் போட்டு முன்பக்க விசிறியைச் சுற்றுவது சிரமம். அதற்கென்று தனி மின் மோட்டார் வைத்துவிட்டார்கள். அது பேட்டரியில் ஓடும். எப்போது ஓட வேண்டும் என்பதை, நீரின் சூட்டை அளக்கும் ஒரு சிறு கருவி பார்த்துக்கொள்ளும். நீர் ஏறத்தாழ 95, 100 டிகிரியைத் தொட்டால் விசிறி ஓடத் தொடங்கும். சில டிகிரி இறங்கினால் நின்றுவிடும். காருக்குக் கார் இந்த எண் சற்றே மாறும்.

இப்போது பேரனின் கேள்விக்கு வருவோம். சாவியை எடுத்தால் என்ஜினுக்குள் தீ நிற்கும். ஆனால் பல கார்களில் விசிறிக்குப் போகும் மின்சாரம் சாவியை நம்பி இருப்பதில்லை. 'நீர் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது' என்று கருவி சொன்னால் விசிறி சுற்றும். புதிய கார்களில் இதை ஒரு சிறு கணினி கவனித்துக்கொள்கிறது. மகன் மறக்கவில்லை. வீட்டுக்காரர் தூங்கிய பிறகும் காவல்காரர் விழித்திருப்பாரே, அது போலத்தான். (எல்லாக் கார்களும் இப்படி இல்லை. சாவியோடு விசிறியும் நின்றுவிடும் கார்களும் உண்டு.)

அணைத்த பிறகு சூடு ஏறும்!

என்ன, நம்ப முடியவில்லையா? அணைத்ததும் சூடு குறையத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உலோகத்தின் சூடு குறையத்தான் செய்யும். ஆனால் நீரின் சூடு முதல் சில நிமிடங்களுக்கு ஏறும்.

எப்படி? என்ஜின் நின்றதும் அதனோடு சுற்றிய பம்பும் நின்றுவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்த நீர் உள்ளேயே தேங்கிவிடுகிறது. அதைச் சுற்றியிருக்கும் உலோகமோ நீரைவிட அதிகச் சூட்டில் இருக்கிறது. சூடு எப்போதும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். எனவே எல்லாச் சூடும் தேங்கிய நீருக்குள் இறங்குகிறது. காற்றோட்டமும் இல்லை. சட்டியில் கிண்டாமல் விட்ட பால் கதைதான்.

இங்கே ஒரு கெட்டிக்கார மாணவன் எழுந்து நின்று, "பம்பு நின்றுபோய் நீர் ஓடவில்லை என்றால், விசிறி ரேடியேட்டரை ஆற்றி என்ன பயன் சார்?" என்று கேட்பான். கேட்க வேண்டும்! பதில் இதுதான்: நீர் முழுவதும் நின்றுவிடுவதில்லை. சூடான நீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். மாடியில் இருக்கும் சூரிய வெந்நீர்க் கலனில் பம்பே இல்லாமல் நீர் சுற்றுவது இப்படித்தான். 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு மாடல் டி காரில், தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர, மற்றவற்றுக்கு நீர்ப் பம்பே கிடையாது. இந்த இயற்கைச் சுழற்சியே போதுமானதாக இருந்தது. நம் காரிலும் விசிறி ரேடியேட்டர் நீரை ஆற்ற ஆற்ற, மெதுவாக ஒரு சுழற்சி நடக்கும். அத்தோடு மூடிக்குள் அடைந்து கிடக்கும் அனல் காற்றையும் விசிறி வெளியே துரத்தும். சில புதிய கார்களில் மின்சாரத்தில் ஓடும் பம்பு இருக்கிறது. அது என்ஜின் நின்ற பிறகும் நீரைச் சுற்றவைக்கும்.

புளியங்குடிப் பாதையில் ஒரு மாலை

'அணைத்த பிறகு சூடு ஏறும்' என்பது எனக்கு அன்றே தெரிந்திருந்தால் ஒரு பையன் காப்பாற்றப்பட்டிருப்பான்.

1988 என்று நினைவு. நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பிள்ளைகளை வேனில் குற்றாலம் அழைத்துப் போனோம். வாசுதேவநல்லூர் தாண்டி, புளியங்குடி வருவதற்குள் வேனின் முன்பக்கம் புகை போல ஆவி வந்தது. ஓட்டுநர் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார். பிள்ளைகள் அருவியைப் பார்க்கும் ஆசையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பொறுமையில்லாமல், "சீக்கிரம் பாருப்பா, இருட்டிடப் போகுது" என்று கிளீனர் பையனை அவசரப்படுத்தினேன். அவனுக்குப் பதினெட்டு வயது இருக்கும்.

"அணைச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சே சார், ஆறியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான்.

ஆறவில்லை. இன்னும் சூடேறியிருந்தது. கொதிநீரும் ஆவியும் ஆளுயரத்துக்குப் பீறிட்டு அடித்தன. கையும் கழுத்தும் வெந்துபோயின. வேனுக்குள் ஒரு குழந்தைகூடப் பேசவில்லை. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஊர் திரும்பினோம். உயிருக்கு ஒன்றுமில்லை. தழும்பு போகவில்லை. அவன் முகத்தைவிட, 'சீக்கிரம்' என்று நான் சொன்ன சொல்தான் இன்றைக்கும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஏன் அப்படிப் பீறிட்டது? உங்கள் வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி அழுத்தினால் அதைவிட அதிகச் சூட்டிலும் கொதிக்காமல் இருக்கும். ரேடியேட்டர் மூடியும் அப்படி அழுத்தம் கொடுக்கும் மூடிதான். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். 110, 115 டிகிரியில் அமைதியாக இருந்த நீர், 'அட, நான் கொதித்திருக்க வேண்டுமே' என்று ஒரே பாய்ச்சலில் கொதித்து எழும். விசில் அடங்காத குக்கரைத் திறப்போமா? மாட்டோம். இதையும் பெரியவர்களே ஆனாலும் நன்றாக ஆறும்வரை, அரைமணி நேரத்துக்கும் மேல் தொடக் கூடாது.

உலகின் முதல் மோட்டார் வாகனங்களில் ஒன்றான கார்ல் பென்ஸின் வண்டியில் இந்தச் சிக்கலே இல்லை. நீர் கொதித்து ஆவியாகிப் போகட்டும் என்றே விட்டிருந்தார். 1888-ல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து பிஃபோர்சைம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேல் அந்த வண்டியை ஓட்டிப் போனார். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்ததாம். தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடிய கார்!

நாக்கைத் தொங்கவிடும் வீரன்

எங்கள் ஊர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நாய்தான் நினைவுக்கு வரும். பால் வெள்ளை நிறம், நீண்ட கால், இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் வகைத் தபால்தலைகள் நான்கில் ஒன்று ராஜபாளையம் நாய்.

அது ஒரு ஓட்டம் ஓடி வந்து படுக்கட்டும், பாருங்கள். கால்கள் நின்றுவிடும். நாக்கு மட்டும் தொங்கி, 'ஹஹ் ஹஹ்' என்று இளைத்துக்கொண்டே இருக்கும். ஓடிய தசைகளில் சேர்ந்த சூடு இன்னும் வெளியேறவில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. என்ஜின் நின்ற பிறகும் விசிறி ஓடுகிறது!

நாய் என்றதும் ஓர் எச்சரிக்கை. கூலன்ட் பலவற்றில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் லேசாக இனிக்கும். ஆனால் கடும் விஷம். காரின் அடியில் சிந்திக் கிடந்தால் நாயோ பூனையோ நக்கிவிடும், உயிரே போய்விடும். சிந்தியதைப் பார்த்தால் வீட்டில் சொல்லி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். நீங்கள் தொடாதீர்கள்.

பேட்டரி தீர்ந்துபோகுமா?

பூக்கார அம்மாவின் கவலை இதுதான். ஒரு கணக்குப் போடுவோமா? சின்னக் காரின் விசிறி 10 ஆம்பியர் மின்சாரம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 5 நிமிடம் ஓடினால் 10 × 5 ÷ 60. விடை 0.83 ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி என்றால், போனது நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. மறுபடி கார் ஓடும்போது அது நிரம்பிவிடும்.

ஆனால் குளிர்ந்த பிறகும், கால்மணி, அரைமணி என்று நிற்காமலே ஓடினால் அது கோளாறு. விசிறிக்கு மின்சாரம் கொடுக்கும் 'ரிலே' என்ற சுவிட்சு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது சூட்டை அளக்கும் கருவி பழுதாகியிருக்கலாம். இரவு முழுதும் ஓடினால் காலையில் காரைத் தள்ள நாலு பேரைத் தேட வேண்டியதுதான்.

எங்கள் மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார். "ஓடுற ஃபேன்கூடப் பரவாயில்ல சார், கண்ணுக்குத் தெரியும். ஓடாம நிக்கிற ஃபேன்தான் பயம். அணைச்சு ரெண்டு நிமிஷம் கழிச்சு, சூடு ஏறினதும் தானா சுத்த ஆரம்பிச்சிரும். கைய உள்ள விட்டிருந்தா அவ்வளவுதான்." அவர் மூடியைத் திறந்து வேலை பார்க்கும்போது முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுகிறார்.

மின்சாரக் காரில் என்ஜின் இல்லை என்பதால் விசிறியும் இருக்காது என்று எண்ணாதீர்கள். சார்ஜ் ஏறும்போது அதன் பேட்டரி சூடாகும். அப்போது நின்றிருக்கும் காரிலிருந்து விசிறிச் சத்தம் கேட்கும்.

அணு உலையிலும் இப்படித்தான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் காரில் அணைத்த பிறகு புதிதாகச் சூடு பிறப்பதில்லை, சேர்ந்ததுதான் வெளியேறுகிறது. அணு உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளுக்குள் சூடு பிறந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழுத் திறனில் ஏறத்தாழ 6, 7 சதவீதம். ஒரு நாள் கழிந்தால் அரை சதவீதத்தை ஒட்டி இறங்கும். ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. பின்னால் வந்த சுனாமி, குளிர்விக்கும் பம்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் செய்துவிட்டது. நின்றுபோன மூன்று உலைகள் உருகின.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று: அம்மாவோ அப்பாவோ தோசை சுட்டு அடுப்பை அணைத்ததும், நீங்கள் தள்ளி நின்றுகொண்டு, அவர்களை நிமிடத்துக்கு ஒரு முறை கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் 'சொய்ங்' சத்தம் நிற்கிறது என்று நோட்டில் குறியுங்கள். இரும்புக் கல்லுக்கும் மெல்லிய நான்ஸ்டிக் கல்லுக்கும் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள்.

அன்று மாலை ராஜபாளையம் திரும்பி, வீட்டு வாசலில் மகன் காரை நிறுத்தினான். மறுபடியும் 'ஊ...ங்'. பேரன் இந்த முறை காரின் பக்கம் போகவில்லை. திண்ணையில் பால்கோவா பொட்டலத்தோடு உட்கார்ந்து, "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணத் தொடங்கினான். நூற்று எண்பத்து நாலில் 'டக்' என்று ஒரு சத்தம். விசிறி நின்றது.

"காலைல மழை பேஞ்சா இத்தன வராதுல்ல தாத்தா?" என்றான்.